கழிப்பறைக்குக் கீழே என்ன நடக்கிறது? கிராமத்திலும் நகரத்திலும் பாதுகாப்பான கழிப்பறை வசதியை அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

எத்தனை வீடுகளில் கழிப்பறை இருக்கிறது என்று கேட்டால் உடனே ஒரு எண் கிடைத்துவிடும். அந்தக் கழிப்பறைகளில் சேரும் மலம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல வேண்டிய அதிகாரிகளே யோசிக்க ஆரம்பிப்பார்கள். வயிற்றுப்போக்கும் காலராவும் டைபாய்டும் பரவுவதா நிற்பதா என்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. கழிப்பறையின் கதவும் ஓடும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆபத்து இருப்பதோ அதற்குக் கீழே, குழியிலும் தொட்டியிலும் குழாயிலும்.

உங்கள் கிராமத்தையோ நகரத்தின் ஒரு வார்டையோ நீங்களே நடந்து பார்த்து, "இங்கே எத்தனை பேருக்கு உண்மையிலேயே பாதுகாப்பான வசதி இருக்கிறது" என்று கணக்கிடும் வழியை இங்கே சொல்கிறேன். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு நீளமான கம்பு, கொஞ்சம் வெள்ளைத் துணி, அப்புறம் கூச்சப்படாமல் கேட்கும் மனசு, இவை போதும்.

படி 1: எது பாதுகாப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நாடுகளின் நிலையை அளக்க ஐந்து படிகள் வைத்திருக்கின்றன. கீழ்ப்படி, வயல், புதர், நீர்நிலை என்று திறந்தவெளியில் மலம் கழிப்பது. அதற்கு மேல், மேல்மூடித் தளம் இல்லாத குழி, நீர்நிலைக்கு மேல் தொங்கும் கழிப்பறை, வாளி போன்ற மேம்படாத வசதிகள். மூன்றாவது, வசதி நன்றாக இருந்தாலும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது. நான்காவது, ஒரு குடும்பத்துக்கென்றே இருக்கும் நல்ல கழிப்பறை. இதை அடிப்படை வசதி என்கிறார்கள். ஐந்தாவதுதான் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் வசதி. நான்காவது படியில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்க வேண்டும். கூடவே, மலம் அங்கேயே நிலத்தடியில் பாதுகாப்பாக மக்க வேண்டும். இல்லையென்றால் லாரியிலோ குழாயிலோ வெளியே போய் முறையாகச் சுத்திகரிக்கப்பட வேண்டும்.

நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் பல நாடுகளின் பெருமைப் பேச்சு சிக்கிக்கொள்கிறது. 2024 கணக்குப்படி உலக மக்களில் 58 சதவீதம் பேருக்குத்தான் ஐந்தாவது படி எட்டியிருக்கிறது. சுமார் 340 கோடிப் பேருக்கு இன்னும் இல்லை. அவர்களில் 35 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் திறந்தவெளிக்குத்தான் போகிறார்கள். ஐந்தாவது படியை எட்டியவர்கள், 2022 கணக்கில் நகரங்களில் 65 சதவீதம், கிராமங்களில் 46 சதவீதம். எல்லோருக்கும் போதுமான, சமமான வசதி கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் வைத்திருக்கும் கெடு 2030. இப்போது போகும் வேகத்தில் அது நடக்காது.

இந்த எண்களைப் பார்த்து நகரம் தேவலாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கிராமத்தில் சிக்கல் பெரும்பாலும் கழிப்பறையே இல்லாதது, இருந்தும் பயன்படுத்தாதது, குழி நிலத்தடி நீரைத் தொடுவது. நகரத்தில் கழிப்பறை இருக்கும், வாசலைத் தாண்டியதும் எல்லாம் கெட்டுப்போகும். நெருக்கமாக வாழும் இடத்தில் ஒரு தெருவின் சாக்கடை அடுத்த தெருவின் குழந்தைகள் விளையாடும் இடம்.

படி 2: வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள்

சிறிய ஊர் என்றால் எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம். பெரிய வார்டு என்றால் ஒவ்வொரு தெருவிலும் ஐந்து வீட்டுக்கு ஒன்று என்று எடுங்கள். மெயின் ரோட்டு வீடுகளோடு நின்றுவிட வேண்டாம். கால்வாய் ஓரம், ரயில் பாதை ஓரம், ஊர்க்கோடி, வாடகைக்கு விட்ட வரிசை வீடுகள் என எல்லாவற்றையும் சேர்த்தால்தான் உண்மை தெரியும்.

"உங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறதா?" என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "வீட்டில் எத்தனை பேர்? நேற்று யார் யார் எங்கே போனார்கள்?" என்று கேளுங்கள். வயதான தாத்தா வயலுக்குப் போவதும், தண்ணீர் வராத நாட்களில் எல்லோரும் வெளியே போவதும், குழி சீக்கிரம் நிறைந்துவிடும் என்று பயந்து ஆண்கள் கழிப்பறையைத் தொடாமல் இருப்பதும் இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும். முடிந்தால் பெண்களிடம் பெண்களே பேசட்டும். இரவில் எழுந்தால் எங்கே போகிறீர்கள், உள்ளே விளக்கு இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, மாதவிடாய் நாட்களில் துணியையோ நாப்கினையோ எங்கே போடுகிறீர்கள் என்ற கேள்விகளுக்கு ஆண் ஒருவர் எதிரே நின்றால் சரியான பதில் வராது.

கைக்குழந்தையின் மலத்தை என்ன செய்கிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். குழந்தை மலம் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. வயிற்றுப்போக்கு வந்த குழந்தையின் மலத்தில் கிருமி ஏராளம். அதைக் குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டும் வீடு, கழிப்பறை வைத்திருந்தாலும் பாதுகாப்பான வீடு ஆகாது. கழிப்பறைக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்பதை நீங்கள் கேட்க வேண்டாம், கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: கீழே இருப்பதைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்கு நேரம் அதிகம் வேண்டும், அவசரப்படாதீர்கள். "எங்களுடையது செப்டிக் டேங்க்" என்று வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. தரைக்குக் கீழே எதைக் கட்டியிருந்தாலும் மக்கள் அதற்கு வைக்கும் பெயர் செப்டிக் டேங்க்தான். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று: அடித்தளம் பூசியிருக்கிறதா, எத்தனை அறைகள், வெளியேறும் குழாய் எங்கே முடிகிறது.

உண்மையான செப்டிக் டேங்க் தண்ணீர் கசியாத தொட்டி. பொதுவாக இரண்டு அறைகள் இருக்கும், முதல் அறை பெரியது. உள்ளே வரும் கழிவில் கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெயும் மிதப்பதும் மேலே ஏடாகக் கட்டும், நடுவில் உள்ள நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் டி வடிவக் குழாய் வைப்பது, மேலே மிதக்கும் ஏடு நீரோடு சேர்ந்து ஓடிவிடாமல் இருக்கத்தான். காற்றுப் போக ஒரு நெட்டைக் குழாய் இருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் சுத்தமானது இல்லை. அதில் கிருமிகள் அப்படியே இருக்கின்றன. அந்த நீர் உறிகுழிக்கோ உறிஞ்சும் வடிகாலுக்கோ போய் மண்ணில் இறங்க வேண்டும். நகரத்து வீடுகளில் அது தெருச் சாக்கடையில் விடப்படுவதை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வீட்டுக்காரரின் அனுமதியோடு கழிப்பறையில் ஒரு வாளி சாயத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வெளியே சாக்கடை ஓரத்தில் குழாய் வாய்களைக் கவனியுங்கள். பெரிய தொட்டியில் சாயம் கலந்து மங்கிப்போகும், ஆனால் தொட்டியே இல்லாமல் நேராகச் சாக்கடைக்குப் போகும் வீட்டில் கொஞ்ச நேரத்தில் நிறம் வந்துவிடும். நிறம் வராத வீட்டில், ஊற்றும் நேரத்தில் எந்தக் குழாய் வாயிலிருந்து நீர் தள்ளுகிறது என்று பாருங்கள்.

அடுத்து கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கம்பின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றுங்கள். மூடித் துளை வழியாகத் தொட்டியின் அடியைத் தொடும்வரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் அசையாமல் வைத்து, மெல்ல எடுங்கள். துணியின் கீழ்ப்பகுதியில் கரும்பழுப்பாகக் கசடு ஒட்டியிருக்கும், அதற்கு மேல் ஈரம் மட்டும் தெரியும். கசட்டின் உயரம் தொட்டியில் நீர் நிற்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால் தொட்டியைக் காலி செய்யும் நேரம் வந்துவிட்டது. வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரிய தொட்டி என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். பதினைந்து வருஷமாக நிறையவே இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்தத் தொட்டிக்கு அடித்தளம் இல்லை, அல்லது கசடு நீரோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அளக்கும்போது முகத்தைத் துளைக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. எக்காரணம் கொண்டும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் துணியை அந்தக் கழிவோடேயே சேர்த்துவிட்டுக் கம்பைக் கழுவுங்கள்.

கிராமத்தில் பெரும்பாலும் குழிக் கழிப்பறைகளைப் பார்ப்பீர்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இரட்டைக் குழி. இதன் செலவும் குறைவு, இதற்கு லாரியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஒரு குழி நிறைந்ததும் கழிவை அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை மூடி அப்படியே விட்டுவிட வேண்டும். தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும், மலம் மக்கிவிடும். குறைந்தது ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்றால் இன்னும் நல்லது. அதற்குள் உருளைப்புழுவின் முட்டை உட்படப் பெரும்பாலானவை செத்துப்போகும். பிறகு எடுத்தால் உலர்ந்த மண் போல இருக்கும், நாற்றம் இருக்காது, வயலுக்குப் போடலாம்.

இந்த நல்ல ஏற்பாடு மூன்று இடங்களில் கெடுகிறது. பக்கச் சுவரில் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டிய செங்கல்லை முழுக்கப் பூசிவிடுவார்கள், தண்ணீர் இறங்க வழியில்லாமல் குழி சில மாதங்களில் நிறைந்துவிடும். இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் கழிவு போகும்படி விட்டுவிடுவார்கள், எந்தக் குழிக்கும் ஓய்வு கிடைக்காது. குளியல் தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் சேர்த்து விடுவார்கள். கழிவை எந்தக் குழிக்கு விடுவது என்று திருப்பிவிடும் பிரிப்புத் தொட்டியின் சின்ன மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு பக்க வாய் அடைத்திருக்க வேண்டும். அடைப்பு இல்லையென்றால் நோட்டில் "இரண்டும் ஒன்றாக ஓடுகிறது" என்று எழுதுங்கள்.

படி 4: நிலத்தடி நீரைச் சேர்த்துப் பாருங்கள்

குழிக்கும் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்றுக்கும் நடுவே 30 மீட்டர் தூரம், குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 1.5 மீட்டர் உயரம். அகதி முகாம்களில்கூடப் பின்பற்றும் பொது அளவு இது. வெடிப்புப் பாறையும் சுண்ணாம்புப் பாறையும் உள்ள இடத்தில் 30 மீட்டரும் போதாது, கிருமி பிளவு வழியாக வெகுதூரம் போகும். நீர்மட்டத்தைக் கோடையில் அளந்து ஏமாறாதீர்கள். மழைக்காலத்தில் கிணற்றில் நீர் எவ்வளவு மேலே வரும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அந்த அளவையே எழுதுங்கள். ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் ஏறும் தாழ்வான தெரு என்றால் அங்கே உள்ள சாதாரணக் குழிகளைப் பாதுகாப்பானவை என்று எண்ண வேண்டாம். தரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய குழிகளோ மூடிய தொட்டிகளோதான் அங்கே சரிப்படும்.

படி 5: லாரியின் பின்னால் போங்கள்

கசடு எடுக்கும் லாரிக்காரரிடம் பேசுவதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஊரின் துப்புரவு நிலையை அவரை விட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. எந்தத் தெருவில் குழாய் போகாது, எந்தத் தொட்டி வருஷா வருஷம் நிறைகிறது, எந்த வீட்டுத் தொட்டிக்கு மூடியே இல்லை என்று எல்லாம் சொல்வார். எங்கே கொட்டுகிறீர்கள் என்ற கேள்வியை மட்டும் கடைசிக்கு வையுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். "சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு தூரம்? ஒரு நடைக்கு டீசல் எவ்வளவு ஆகும்? அங்கே எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுகிறார்கள்?" என்று கேளுங்கள். நிலையம் தொலைவில் இருந்து, மாலையில் பூட்டியும் விட்டால், இரவில் எடுத்த கசடு ஓடையிலோ தரிசு நிலத்திலோ போய் முடிவதில் ஆச்சரியம் இல்லை. தவறு லாரிக்காரருடையது மட்டும் இல்லை. கொட்ட இடம் கொடுக்காமல் கொட்டாதே என்று சொல்லும் ஏற்பாட்டின் தவறு அது.

ஒரு லாரிக் கசடு, அதே அளவு சாக்கடை நீரைவிடப் பல மடங்கு செறிவானது. ஓடையில் ஒரு லாரி கொட்டுவது, பல வீடுகள் பல நாள் திறந்தவெளிக்குப் போனதற்குச் சமம். நிலையத்துக்குப் போகும் லாரிகளைப் பதிவேட்டில் எண்ணுங்கள். ஊரில் உள்ள தொட்டிகள் எத்தனை, அவற்றைச் சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்கிறார்கள் என்று வைத்துப் பார்த்தால், நாளொன்றுக்கு எத்தனை நடை வர வேண்டும் என்று தெரியும். வரவேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் எங்கேயோ கொட்டப்பட்டிருக்கிறது, அல்லது தொட்டிகள் காலி செய்யப்படவே இல்லை.

படி 6: பாதாள சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும்

வீட்டுக் குழாய் பாதாள சாக்கடையில் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். 2022ல் உலகம் முழுக்க வீடுகளிலிருந்து வந்த கழிவுநீரில் 58 சதவீதம்தான் பாதுகாப்பாகச் சுத்திகரிக்கப்பட்டது. எனவே மூன்று கேள்விகள். நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனால் கழிவுநீர் எங்கே திருப்பிவிடப்படுகிறது? சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு நாளில் எவ்வளவு வருகிறது, அதன் கொள்ளளவு எவ்வளவு? வெளியேறும் நீரின் பரிசோதனை முடிவுகள் எங்கே? மழை நீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் பழைய நகரங்களில், பெருமழை பெய்தால் இரண்டும் சேர்ந்து ஆற்றில் வழிகின்றன. லண்டன், பாரிஸ், நியூயார்க் போன்ற பணக்கார நகரங்களே இதோடு மல்லுக்கட்டுகின்றன.

படி 7: உள்ளே இறங்கும் ஆட்களைப் பற்றிக் கேளுங்கள்

குடும்பங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் ஏற்பாடு, அதைச் சுத்தம் செய்பவரின் உயிரை வாங்குமானால் அதைப் பாதுகாப்பானது என்று எழுத எனக்குக் கை வராது. தொட்டிக்குள்ளும் ஆள்நுழைகுழிக்குள்ளும் ஆக்சிஜன் குறைவு. மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

கடந்த ஓராண்டில் யாராவது உள்ளே இறங்கினார்களா, இயந்திரம் இருந்ததா, கூலி யார் கொடுத்தது என்று கேட்டு எழுதுங்கள். யாராவது இறங்கியிருந்தால், மற்ற எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அறிக்கையின் முதல் பக்கத்தில் அது வர வேண்டும்.

படி 8: கணக்குப் போடுங்கள்

ஒரு கற்பனை நகரப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 100 வீடுகள். 5 வீடுகளில் கழிப்பறை இல்லை. மீதி 95 வீடுகளில் 20 பாதாள சாக்கடையில் இணைந்தவை, 60 செப்டிக் டேங்க், 15 குழி.

பாதாள சாக்கடை 20ல், வழியில் கசிந்து ஓடைக்குப் போவது 4 வீட்டினது. நிலையத்துக்குப் போகும் 16ல், முறையாகச் சுத்திகரிக்கப்படுவது 12. செப்டிக் டேங்க் 60ல், 25 தொட்டிகளின் நீர் நேராகச் சாக்கடையில் விடப்படுகிறது, அவற்றைத் தள்ளிவிடுங்கள். உறிகுழியோடு உள்ள 35ல், 20 தொட்டிகள் இன்னும் காலி செய்யப்படாமல் நன்றாக இயங்குகின்றன. காலி செய்யப்பட்ட 15ல் 5 வீட்டுக் கசடுதான் நிலையத்துக்குப் போனது. அப்படியானால் 25. குழி 15ல், 5 குழிகள் பல குடும்பங்கள் பகிர்பவை, 2 மழையில் மூழ்குபவை, மீதி 8. கூட்டினால் 12, 25, 8, மொத்தம் 45.

95 வீட்டில் கழிப்பறை, 45 வீட்டில் பாதுகாப்பு. இதை ஒரு பெரிய தாளில் படமாக வரையுங்கள். இடது பக்கம் வீடுகள், வலது பக்கம் நிலையமும் வயலும், நடுவில் வீடுகளின் எண்ணிக்கைக்குத் தக்க அகலத்தில் பட்டைகள். பாதுகாப்பாகப் போவது பச்சை, பாதியில் கீழே விழுவது சிவப்பு. மலக் கழிவு ஓட்ட வரைபடம் என்ற இந்த முறையை இன்று பல நாடுகளின் நகரங்கள் பயன்படுத்துகின்றன. பத்துப் பக்க அறிக்கையைப் படிக்காத அதிகாரிகூட இந்தப் படத்தின் முன் நிற்பார்.

படி 9: கணக்கில் வராதவர்கள்

வீடுகளை மட்டும் எண்ணினால் வீடில்லாதவர்கள், சந்தையில் நாள் முழுக்க நிற்கும் வியாபாரிகள், கட்டட வேலை நடக்கும் இடத்தில் தங்கியிருப்பவர்கள் விட்டுப்போவார்கள். பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் தனிக் கணக்கு. சக்கர நாற்காலி உள்ளே போகுமா, முழங்கால் வலிக்காரர் பிடித்து எழக் கைப்பிடி உண்டா என்று நீங்களே உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பொதுக் கழிப்பறை என்றால் இரவு பத்து மணிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் திறந்திருப்பது இரவில் பூட்டியிருந்தால் பெண்களுக்கு அது இல்லாத மாதிரிதான். துப்புரவு வசதியை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010ல் மனித உரிமையாக ஏற்றது. அந்த உரிமை வீட்டு எண் உள்ளவர்களுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

படி 10: எதை முதலில் கேட்பது

சிவப்புப் பட்டையில் எது அகலமோ அங்கிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது சாக்கடையில் நீர் விடும் 25 தொட்டிகள். இடம் இருக்கும் வீட்டில் உறிகுழி, இடமே இல்லாத தெருவில் நாலைந்து வீட்டுத் தொட்டி நீரைச் சிறு குழாயில் சேர்த்து ஒரு சிறிய சுத்திகரிப்பு அமைப்புக்குக் கொண்டுபோவது. அடுத்த அகலப் பட்டை, கொட்டப்படும் 10 வீட்டுக் கசடு. இதற்குப் புது நிலையம்கூட வேண்டியிராது. இருக்கும் நிலையத்தில் கசடு இறக்க ஒரு தனித் தொட்டி, நீட்டிக்கப்பட்ட நேரம், நடைக்கு ஒரு ரசீது, இவ்வளவு போதும். நகரம் முழுக்கப் பாதாள சாக்கடை வரட்டும் என்று காத்திருப்பது என் பார்வையில் பெரிய தப்பு. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை தொட்டிகள் வழிந்துகொண்டே இருக்கும்.

கிராமத்தில் வரிசை வேறு. கழிப்பறை இல்லாத வீடுகள் முதலில். அடுத்தது ஒரே நேரத்தில் ஓடும் இரட்டைக் குழிகள். ஒரு வாயை அடைக்கக் கொஞ்சம் கலவையும் அரை மணி நேரமும் போதும். கிணற்றுக்கு மிக அருகில் உள்ள குழிகளை மாற்றும் வரை அந்தக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தோ குளோரின் போட்டோ குடிக்கச் சொல்லுங்கள்.

மனு எழுதும்போது "சுகாதார வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாக எழுத வேண்டாம். "இந்தத் தெருவில் இத்தனை தொட்டிகளின் நீர் சாக்கடையில் விழுகிறது, நிலையத்தின் கேட்டை இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள்" என்று எண்ணோடு எழுதுங்கள். பெயர் வேண்டாம், வீட்டு எண்ணும் வேண்டாம், தெருவும் எண்ணிக்கையும் போதும். நம்பிப் பேசியவர்கள் மீது நடவடிக்கை பாயக் கூடாது. வரைபடத்தின் ஒரு பிரதியை மனுவோடு இணையுங்கள், இன்னொன்றை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் இதே வீடுகளுக்கு இதே நோட்டோடு மறுபடி போய், மூழ்கியவை எவை, புதிதாகக் காலி செய்யப்பட்டவை எவை என்று பார்த்துப் பட்டைகளைத் திருத்தி வரையுங்கள்.